ஆண்டுக்கு ஒரு விரற்கடை: நிலநடுக்க ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் என் பெயரை விண்ணப்பங்களில் பார்த்திருப்பீர்கள். சிலர் அதே விண்ணப்பங்களில் சிவப்பு மையால் கோடும் போட்டிருப்பீர்கள். அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 35 வருடம் இமயமலை அடிவாரத்தில் நிலநடுக்கமானிகளை நட்டு, பிடுங்கி, மறுபடி வேறு இடத்தில் நட்டு, போன வருடம் ஓய்வு பெற்றேன். இனி உங்களிடம் கேட்டு வாங்க எனக்கு ஒன்றும் இல்லை என்பதால் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இந்தியா உட்கார்ந்திருக்கும் பெரும் பாறைத் தட்டு (இந்தியத் தட்டு) வடக்கே நகர்ந்து, ஐரோப்பாவையும் ஆசியாவையும் தாங்கும் யூரேசியத் தட்டின்மேல் மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மோதிய பிறகும் நிற்கவில்லை. ஆண்டுக்கு நான்கு, ஐந்து சென்டிமீட்டர் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை இமயமலை தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. மிச்சம் திபெத்துக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. 2 சென்டிமீட்டர் என்பது நம் பழைய அளவில் ஒரு விரற்கடை. 12 விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். ஆக, நான் வேலையில் சேர்ந்த நாளுக்கும் ஓய்வு பெற்ற நாளுக்கும் நடுவில் மலை வாங்கிக்கொண்டது 35 விரற்கடை. ஒன்றரை முழத்துக்கு ஒரு விரல் குறைவு. ஸ்ரீரங்கத்துப் பூக்காரம்மா கை நீட்டி அளந்து கொடுக்கும் மல்லிகைச் சரத்தின் நீளம்தான் என் மொத்தப் பணிக்காலம்.

நீங்கள் ஒரு திட்டத்துக்குக் கொடுக்கும் காலம் மூன்று ஆண்டு. அதாவது மூன்று விரற்கடை.

இந்த மடல் முழுக்க அதைப் பற்றித்தான்.

மலைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று உங்களில் புவியியல் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தட்டு இமயமலைக்கு அடியில் சரிவாக நுழைகிறது. நுழையும் அந்தச் சரிவு, மேலே இருந்து சுமார் 15, 20 கிலோமீட்டர் ஆழம் வரை, அகலத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதற்குக் கீழே சூடு அதிகம். பாறை மெல்ல வழுக்கிக்கொண்டே போகிறது. மேலே ஒட்டிய பகுதி நகராது, கீழே நகர்வது நிற்காது. அப்படியானால் ஆண்டுக்கு ஒரு விரற்கடை எங்கே போகிறது? வில்லை வளைத்துப் பிடித்திருப்பதுபோல மலையின் பாறைக்குள் சேர்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தது ஒரு நாள், ஒரு நிமிடத்தில் அவிழ்கிறது.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்காவில் அவிழ்ந்தது அப்படித்தான். அளவு 7.8. காத்மாண்டு நகரம் இருக்கும் நிலம் சில பத்து விநாடிகளுக்குள் தெற்கே ஒன்றரை மீட்டருக்கும் மேல் நகர்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. சுமார் 9,000 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை மதியம், பள்ளிகளுக்கு விடுமுறை. அது ஒரு வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்று எங்கள் துறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

நிலம் இத்தனை மீட்டர் நகர்ந்தது என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வது எப்படி? நேபாளத்தின் சுரங்க, புவியியல் துறையும் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனமும் சேர்ந்து மலைமுகடுகளில் ஜிபிஎஸ் கருவிகளை வைத்துப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் சில, விநாடிக்கு ஐந்து முறை தங்கள் இடத்தைப் பதிவு செய்பவை. பிளவு, அதாவது அந்த ஒட்டிய சரிவு, அவிழ்ந்தபோது அவை அதன் தலைக்கு நேர் மேலேயே நின்றன. உலகத்தில் இதற்கு முன் இப்படி ஒரு பெரிய மோதல் நிலநடுக்கத்தை இவ்வளவு அருகில் இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வோர் இடத்திலும் பிளவு சட்டென்று வெட்டி இழுக்காமல், ஆறு விநாடி போல மென்மையாக வழுக்கியது என்பதும், காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஏரிச் சேறு நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை ஆடும் கிண்ணம்போல் அதிர்ந்தது என்பதும் அந்தப் பதிவுகளில் இருந்துதான் தெரிய வந்தன. நாங்கள் பயந்த அளவுக்குச் சிறு வீடுகள் விழாததும், தரஹரா கோபுரம்போல உயரமானவை விழுந்ததும் அப்புறம்தான் புரிந்தது.

அந்தக் கருவிகளை அங்கே வைத்தவர்களுக்கு கோர்க்கா 2015இல் வரும் என்று தெரியாது. தெரிந்து வைக்க முடியாது. வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள், பேட்டரி மாற்றிக்கொண்டு. எங்கள் தொழிலில் பாதி அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவின் முன்னால் நான் விளக்கம் சொல்ல உட்கார்ந்திருந்தேன். எந்தக் குழு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். திட்டத்தின் மூன்றாம் ஆண்டு முடிகிறது, இன்னும் ஐந்து ஆண்டு நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். ஒருவர் கோப்பைப் புரட்டிவிட்டு, “இந்த மூன்று ஆண்டில் உங்கள் பகுதியில் பெரிய நிலநடுக்கம் எதுவும் வரவில்லையே?” என்று கேட்டார். “வரவில்லை சார்” என்றேன். “அப்படியென்றால் இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வராமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. பதில் இரவு ரயிலில் திரும்பி வரும்போதுதான் வந்தது, வழக்கம்போலத் தாமதமாக.

அந்தப் பதில் இதுதான். 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியில் மிகப் பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் போய்ப் பார்த்தார். கற்கள் தரையிலிருந்து மேலே தூக்கி எறியப்பட்டுக் கிடந்ததை எல்லாம் எழுதி வைத்து 1899இல் பெரிய அறிக்கை ஒன்று கொடுத்தார். அவரேதான் நிலநடுக்கப் பதிவுகளில் முதலில் வரும் அலை, அடுத்து வரும் அலை, மேற்பரப்பில் ஊர்ந்து வரும் அலை என்று மூன்றையும் 1900இல் பிரித்துக் காட்டினார். 1906இல் பூமிக்கு உள்ளே ஒரு மையக்கரு இருப்பதற்கான சான்றைக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு மனிதர் ஒரு துறைக்கு இதைவிட என்ன செய்ய முடியும்? ஆனாலும் 1897இல் எந்தப் பிளவு நகர்ந்தது என்று அவருக்குத் தெரியாமலேதான் போயிற்று.

அது தெரிந்தது 2001இல். ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலண்ட் என்ற இரண்டு புவி இயற்பியலாளர்கள் பழைய நில அளவைப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1860களில் நில அளவைக்காரர்கள் ஷில்லாங் பகுதியில் முக்கோண முறையில் அளந்து வைத்திருந்தார்கள். நிலநடுக்கம் முடிந்த பிறகு அதே கற்களுக்குப் போய் மறுபடி அளந்திருந்தார்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டதும் பீடபூமியின் வடக்கு விளிம்புக்கு அடியில் புதைந்திருந்த, சுமார் 110 கிலோமீட்டர் நீளமான பிளவு ஒன்று வெளிப்பட்டது. அன்று அந்த விளிம்பு குறைந்தது 11 மீட்டர் உயர்ந்திருக்கிறது. அந்தப் பிளவுக்கு ஓல்டாமின் பெயரையே வைத்தார்கள். அளந்தவன் யாருக்காக அளந்தான் என்று அவனுக்கே தெரியாது. வெயிலில் கருவியைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஒரு நூற்றாண்டு கழித்து அந்த எண்கள் விடை சொல்லின.

“இதில் புதிதாக என்ன இருக்கிறது” என்று 1862இல் அவர்களை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

(நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. அந்த மாபெரும் நில அளவை 1802இல் தொடங்கியது சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அளந்த அடிக்கோட்டில். தென்னிந்தியாவில் அந்த அளவைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் நட்ட குறிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்தார்கள். தீபகற்பம் ஏறக்குறைய நெளியாமல் கல்போல இருக்கிறது என்று தெரிந்தது. நெளிவெல்லாம் வடக்கே, இமயமலையில். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பரங்கிமலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். டாக்சிக்காரரிடம் ஒருமுறை சொன்னேன், அவர் ஏசியைக் கூட்டினார்.)

என் நிலையங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். உத்தராகண்டின் கர்வாலில் ஒரு மலைக் கிராமம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பாறையின்மேல் ஒரு சிறு கான்கிரீட் மேடை, அதன்மேல் கருவி, வெளியே சோலார் பலகை, பெட்டிக்குள் பேட்டரி. எலி ஒயரைக் கடிக்கும், குரங்கு பலகையில் உட்காரும், மழைக்காலத்தில் இடி விழும், குளிர்காலத்தில் பனி மூடும். பனி மூடினால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் பதிவு இல்லை. எனவே காலையில் ஒருவர் போய்ப் பனியைத் துடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. மாதம் ஒரு சிறு தொகை, உங்கள் கணக்கில் “காவலர் ஊதியம்” என்ற வரியில் வந்தது. திட்டம் முடிந்ததும் அந்த வரியும் முடிந்தது. கருவியைக் கழற்றி எடுத்து வர எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. போய்ப் பார்த்தால் பலகை பளபளவென்று இருக்கிறது. பணம் நின்றது தெரியாதா என்று கேட்டோம். “தெரியும், ஆனால் அது இன்னும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது” என்றார், கருவியைக் காட்டி. பாக்கியை நாங்கள் மூன்று பேர் எங்கள் கையிலிருந்து கொடுத்தோம். கருவியைக் கழற்றினோம்.

அதற்கு அடுத்த ஆண்டு அந்த மலைமுதுகுக்கு அடியிலேயே ஒரு நடுத்தர அதிர்வு வந்தது. யாருக்கும் காயமில்லை, செய்தித்தாளில் நான்கு வரி. எங்களுக்கு அது எவ்வளவு ஆழத்தில் வந்தது என்பதுதான் கேள்வி. ஒட்டிக்கொண்டிருக்கும் சரிவிலா, அதற்கு மேலே உள்ள பாறையிலா? ஆழத்தைச் சரியாகச் சொல்ல, தலைக்கு நேர் மேலே, பக்கத்தில் ஒரு நிலையமாவது வேண்டும். தூரத்து நிலையங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஆழம் பத்து கிலோமீட்டர் இப்படியும் போகும், அப்படியும் போகும். எங்களுக்கு அப்படித்தான் போனது. பாட்டி பனி துடைத்த பலகை இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நிலம் ஆடினால் பணம் வருகிறது, ஆடாவிட்டால் நிற்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வரலாறே அப்படித்தான். 1897க்குப் பிறகு 1898இல் கல்கத்தாவின் அலிப்பூரில் நிலநடுக்க நிலையம் வந்தது. அதையொட்டி பம்பாயிலும் நம் கொடைக்கானலிலும். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிராவின் கில்லாரி ஆடி சுமார் 10,000 பேர் இறந்த பிறகு பழைய நிலையங்களுக்குப் புதிய டிஜிட்டல் கருவிகள் கிடைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு பிளந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் போனார்கள். 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறந்தது. நல்ல மையம், நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கருவிக்கான விலையை முன்கூட்டியே யாரோ உயிரால் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஆடாமல் இருக்கும் இடங்களைப் பாருங்கள். மேற்கு நேபாளத்தில் கடைசியாக மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தது 1505இல். ஆண்டுக்கு ஒரு விரற்கடை என்றால் 520 விரற்கடை. 21 முழத்துக்கும் மேல், மீட்டரில் பத்துக்கும் மேல். மேற்கே 1905இல் காங்ராவும் கிழக்கே 1934இல் பீகார்-நேபாளமும் அவிழ்ந்தன. நடுவில் 1803இல் கர்வால் பகுதி கொஞ்சம் அவிழ்த்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள், அது எவ்வளவு என்பதில் எங்களுக்குள்ளேயே தகராறு. பில்ஹாம், வினோத் கௌர், பீட்டர் மோல்னர் மூவரும் 2001இலேயே இமயமலையின் பல பகுதிகளில் 8ஐத் தாண்டும் நிலநடுக்கத்துக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். எழுதி கால் நூற்றாண்டு ஆகிறது. இன்றைக்கு வருமா, அடுத்த நூற்றாண்டில் வருமா? தெரியாது. தேதி சொல்கிறவர்களை நம்பாதீர்கள், தொலைக்காட்சியில் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் சரி.

தேதி சொல்ல முடியாது என்பதற்காகக் காத்திருப்பது வீண் என்று ஆகிவிடாது. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993க்குள் அளவு 6 நிலநடுக்கம் வரும் என்று அமெரிக்கர்கள் எதிர்பார்த்துக் கருவிகளைக் குவித்தார்கள். அங்கே தட்டுகள் மோதுவதில்லை, உரசிக்கொண்டு போகின்றன, அது கிடக்கட்டும். 1993 போனது. வரவில்லை. 2000 போனது. கருவிகளை எடுக்கவில்லை. 2004 செப்டம்பர் 28 அன்று வந்தது, 11 ஆண்டு தாமதமாக. அதுவரை எந்தப் பிளவையும் அவ்வளவு நெருக்கமாக யாரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. கருவி நாம் எதற்காக வைத்தோமோ அதை மட்டும் கேட்பதில்லை. 2021 பிப்ரவரி 7 காலை உத்தராகண்டின் சமோலியில் ஒரு மலைமுகட்டிலிருந்து சுமார் 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் சரிந்து, ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்களில் இருந்தவர்கள் உட்பட இருநூறு பேருக்கும் மேல் அடித்துக்கொண்டு போனது. நிலநடுக்கத்துக்காக அந்தப் பகுதியில் வைத்திருந்த நிலையங்கள் பாறை விழுந்த அதிர்வையும், வெள்ளம் பள்ளத்தாக்கில் உருண்டு வந்த சத்தத்தையும் பதிவு செய்திருந்தன. பிறகு அதை ஆராய்ந்தவர்கள், இந்தக் கருவிகளை நேரலையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர்களுக்குச் சில நிமிட எச்சரிக்கை கொடுத்திருக்கலாம் என்று எழுதினார்கள். இதை எந்த விண்ணப்பத்திலும் “எதிர்பார்க்கும் பலன்” என்ற கட்டத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது.

கருவியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஒரு நிலநடுக்க ஆய்வாளர் எப்படி உருவாகிறார்? புவி இயற்பியலில் எம்.எஸ்சி., நெட் தேர்வு, உதவித்தொகை, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம். அதில் முதல் இரண்டு வருடம் கருவி வந்து, நட்டு, பதிவு சேரவே போய்விடும். பட்டம் வாங்கியதும் அவருக்குத் தெரிந்தது முக்கால்வாசி மென்பொருள். மிச்சக் கால்வாசிக்குப் பத்து வருடம் வேண்டும். கோட்டைப் பார்த்த உடனே இது ஆடு உரசியது, இது மணல் லாரி, இது தேவதாரு மரத்தில் காற்று, இது 200 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிறு அதிர்வு என்று சொல்லும் கண்ணைப் புத்தகத்தில் வாங்க முடியாது. இன்று கணினியே அலைகளைப் பொறுக்கிவிடுகிறது, சரி. ஆனால் அது தப்பாகப் பொறுக்கியது என்று யார் சொல்வது?

என்னிடம் அப்படிக் கண் திறந்த பெண் ஒருவர் இருந்தார், தேனிப் பக்கத்துக்காரர். மைனஸ் எட்டு டிகிரியில் விரல் விறைத்துப்போக நட்டு முடுக்கியவர். ஒப்பந்தத்தை ஆறு மாதம், ஆறு மாதம் என்று நீட்டித்தார்கள். ஒரு முறை நீட்டிப்பு ஆணை வரத் தாமதமாகி நான்கு மாதம் சம்பளம் இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு. “சார், மாப்பிள்ளை வீட்டில் வேலை நிரந்தரமா என்று கேட்கிறார்கள், என்ன சொல்ல?” என்று என்னிடம் கேட்டார். இமயமலையே நிரந்தரமில்லை என்று தமாஷ் பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. இப்போது பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். தரவுகளில் கோளாறு கண்டுபிடிக்கும் வேலை. கண் அங்கேயும் உதவுகிறது என்கிறார். மூன்று மடங்கு சம்பளம். அவருக்கு நல்லதுதான். அந்தத் தமாஷுக்காக மட்டும் இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அவர் போனதும் அவருடைய 11 நிலையங்களில் எந்தக் கருவியின் வடக்கு உண்மையான வடக்கிலிருந்து நான்கு பாகை பிசகியிருக்கிறது, எந்தக் கடிகாரம் எந்த மாதத்தில் தடுமாறியது என்ற விவரமும் பாதி போய்விட்டது. குறிப்பேட்டில் எழுதியிருந்தார், எல்லாவற்றையும் எழுத முடியுமா?

நான் கேட்பது பெரிய பணம் இல்லை. ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்கு ஆகும் செலவில் ஒரு மலைப்பகுதியின் நிலையங்களைப் பல வருடம் ஓட்டிவிடலாம் என்பது என் அனுபவக் கணக்கு. கேட்பது காலம். இமயமலையில் வைக்கும் நிலையங்களை ஆராய்ச்சித் திட்டம் என்று பார்க்காமல் மழைமானி மாதிரிப் பாருங்கள். ஒரு ஊரில் மூன்று வருடம் நல்ல மழை பெய்யவில்லை என்பதற்காக மழைமானியை யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லையே. நிலையத்துக்குக் குறைந்தது இருபது வருடம் என்று எழுதிக் கொடுங்கள். அதைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்களை நிரந்தரமாக வையுங்கள். விஞ்ஞானிகள் வருவார்கள், போவார்கள், பேட்டரி மாற்றுகிறவர் போனால் எல்லாம் போச்சு. பதிவுகளைப் பூட்டி வைக்காமல் கேட்கிற மாணவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நூறு வருடம் கழித்து யார் எடுத்துத் தூசி தட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

விண்ணப்பத்தை மதிப்பிடும்போது “புதுமை” என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் “தொடர்ச்சி” என்று இன்னொரு கட்டம் போட முடியுமா என்றும் யோசியுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய விண்ணப்பம் உங்கள் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். சிபாரிசு செய்வதாக நினைக்க வேண்டாம். அறிவியலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கிழித்துப் பாருங்கள், அது உங்கள் வேலை. செலவுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், கீழே, “காவலர் ஊதியம்” என்று ஒரு வரி இருக்கும். சிறிய தொகை. மொத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கை முதலில் அங்கேதான் போகும். அதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நிலநடுக்க ஆய்வாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி